முசோலினியும் சமூக சாஸ்திரமும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முசோலினியும் சமூக சாஸ்திரமும் என்பதாகும். தலைப்பைக் கேட்டவுடனே சிலர் வாசற்பக்கம் பார்ப்பது எனக்குத் தெரிகின்றது. பயப்பட வேண்டாம். நான் சர்வகலாசாலைப் பண்டிதன் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நெல் மண்டியில் கணக்கு எழுதப் போனவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு ராத்திரி என்று இங்கிலீஷ் படித்தவன். ஆகவே எனக்கு விளங்கினதைத்தான் நான் சொல்ல முடியும். என் போன்றவனுக்கே விளங்கினது உங்களுக்கு விளங்காமல் போக நியாயமில்லை.

இந்த விஷயத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு மாணவத் தோழர். சென்ற கூட்டம் முடிந்ததும் அவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "மூட நம்பிக்கையினால்தான் ஜனங்கள் ஏமாறுகின்றார்கள் என்று சொல்லுகின்றீர்கள். அப்படியானால் சமூகம் எப்படி நடக்கின்றது என்பதை விஞ்ஞான முறையில் எல்லோரும் ஆராய்ந்து தெரிந்துகொண்டுவிட்டால், அந்த நாட்டில் சர்வாதிகாரி தலையெடுக்க முடியாதல்லவா?" என்பது அவர் கேள்வி. நான் "ஆமாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. ஏதோ உறுத்தியது. பிறகு போய்ப் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமும் கோபமும் உண்டாயிற்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சமூக சாஸ்திரம் என்பது என்ன? மனிதர்கள் கூட்டமாய் எப்படி வாழ்கின்றார்கள், யார் உத்தரவு போடுகின்றார்கள், யார் கீழ்ப்படிகின்றார்கள், ஏன் கீழ்ப்படிகின்றார்கள், சொத்து யாரிடம் போய்ச் சேருகின்றது, பிறப்பும் இறப்பும் ஏன் கூடுகின்றது ஏன் குறைகின்றது என்பவைகளையெல்லாம் கண்ணால் பார்த்து, கணக்கெடுத்து, ஆராய்ந்து சொல்லுவது. "எல்லாம் கடவுள் செயல்", "தலைவிதி" என்கின்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. ஆகவே அது நமக்கு மிகவும் வேண்டிய சாஸ்திரம். வேண்டியவன் வீட்டில் களவு நடந்தால்தானே நமக்கு அதிகமாய் வலிக்கும்?

இந்த சாஸ்திரத்தில் உலகப் பிரசித்தி பெற்றவர்கள் அதிகமாய் இருந்த நாடுகளில் இத்தாலி ஒன்று. பாசிச சர்வாதிகாரம் முதல் முதல் ஏற்பட்ட நாடும் அதுவே. முசோலினி அந்த சாஸ்திரத்தைக் கண்டு பயந்து ஓடினாரா? இல்லை. அதைப் படித்தார். படித்ததாகப் பெருமை அடித்துக்கொண்டார். அதில் பேர் போனவர்களைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

முசோலினி யார் என்பதைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறேன். 1883-ம் வருஷம் பிரதாப்பியோ என்கின்ற ஊரில் ஒரு கொல்லனுக்கு மகனாய்ப் பிறந்தார். தகப்பன் சமதர்மக்காரர், தாய் பள்ளிக்கூட ஆசிரியை. தாமும் கொஞ்ச காலம் வாத்தியார் வேலை பார்த்தார். 1902-ல் ஸ்விட்சர்லாந்துக்குப் போய்க் கூலி வேலையும் செய்து, பட்டினியும் கிடந்து, கிடைத்ததையெல்லாம் படித்தார். 1912-ல் சமதர்மக் கட்சிப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1914-ல் யுத்தத்தில் இத்தாலி சேரவேண்டும் என்று திரும்பிப் பேசியதால் கட்சியைவிட்டு நீக்கப்பட்டார். 1919-ல் மிலான் நகரத்தில் பாசிசக் கூட்டத்தை ஆரம்பித்தார். 1922 அக்டோபரில் கருப்புச் சட்டைக்காரர்களை ரோமுக்குக் கிளப்பிவிட்டார். அரசன் நடுங்கிப்போய் அவரையே கூப்பிட்டு மந்திரி சபை அமைக்கச் சொன்னான். 1924-ல் சட்டசபையில் எதிர்த்துப் பேசிய மத்தியோத்தி என்கின்ற சமதர்மத் தோழரைப் பாசிஸ்டுகள் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றார்கள். 1925 ஜனவரி 3-ந் தேதி சட்டசபையில் எழுந்து நின்று, நடந்ததற்கெல்லாம் தாமே பொறுப்பு, செய்வதைச் செய்துகொள்ளுங்கள் என்ற பாவனையில் பேசினார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. அன்று முதல் முழு சர்வாதிகாரம்.

இனி அவர் படித்த புஸ்தகங்களுக்கு வருவோம். பிரெஞ்சு தேசத்தில் லெ போன் என்று ஒருவர் 1895-ல் கும்பலின் மனோதத்துவத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். தனியாய் இருக்கும்போது யோசிக்கின்ற மனிதன், கும்பலில் சேர்ந்தவுடன் யோசனையை இழந்துவிடுகிறான். அவனுக்கு நியாயம் சொல்லிப் பயனில்லை. ஒரே விஷயத்தை உறுதியாய், திரும்பத் திரும்பச் சொன்னால் போதும், அது தொத்து வியாதி மாதிரி பரவும் என்பது அதன் சாரம். இதைப் பலமுறை படித்ததாக முசோலினியே சொல்லியிருக்கிறார். அதைப் படித்த நம்மைப் போன்றவன், "ஐயோ, கும்பலில் இப்படி ஆகிவிடுகிறோமே, ஜாக்கிரதையாய் இருக்க வேண்டும்" என்று நினைப்பான். முசோலினி அதை மேல்மாடத்தில் நின்று பேசுவதற்கு வேண்டிய கைப்புஸ்தகமாய் எடுத்துக்கொண்டார். மருந்துக் கடையில் விஷச் சீசாவின் மேல் "விஷம்" என்று எழுதி ஒட்டுவது குடிக்காமல் இருப்பதற்காக. கொலைகாரனுக்கோ அந்தச் சீட்டுத்தான் வழி காட்டுகிறது.

அடுத்தவர் பரேத்தோ. இவர் 1848-ல் பாரிஸில் பிறந்த இத்தாலியர். படிப்பால் இஞ்சினீர். ரயில்வேயிலும் இரும்புத் தொழிலிலும் வேலை பார்த்துவிட்டு, 1893-ல் ஸ்விட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் பொருளாதார ஆசிரியரானவர். 1916-ல் சமூக சாஸ்திரத்தைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். மனிதன் பெரும்பாலும் உணர்ச்சியினால் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அப்புறம்தான் அதற்கு நியாயம் தேடுகிறான் என்பது இவர் சொன்னவற்றில் ஒன்று. எந்த நாட்டிலும் ஒரு சிறு கூட்டம்தான் ஆளும், அது கிழடு தட்டிப் போனால் இன்னொரு சிறு கூட்டம் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும், ஜனங்கள் எப்போதும் கீழேதான் என்பது இன்னொன்று. இவர் பாடங்களைத் தாம் லோசானில் உட்கார்ந்து கேட்டதாக முசோலினி சொல்லிக்கொண்டார். உண்மையோ பொய்யோ, சொல்லிக்கொண்டதில் ஒரு காரியம் இருந்தது. "நான் சும்மா வந்த ரவுடி அல்ல, சாஸ்திரப்படி வந்தவன்" என்று காட்டிக்கொள்ள வேண்டுமல்லவா? 1923-ல் பரேத்தோவுக்கு மேல்சபை அங்கத்தினர் பதவியும் கொடுக்கப்பட்டது. அந்தக் கிழவர் பாசிசத்தை வரவேற்றார்தான். ஆனால் பத்திரிகைச் சுதந்திரத்தில் கை வைக்காதே என்றும் எழுதினார். அந்த வருஷம் ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். அவர் யோசனையில் முசோலினிக்கு வேண்டியது எதுவோ அது நின்றது, வேண்டாதது அவரோடு புதைந்தது.

தோழர்களே! இதுவரை சொன்னவர்களை நான் பெரிதாய்க் குற்றம் சொல்லவில்லை. எழுதி வைத்ததை எவனோ எடுத்துக்கொண்டால் எழுதினவன் என்ன செய்வான் என்று கேட்கலாம். ஆனால் இப்போது சொல்லப் போகின்றவர் கதை அப்படிப்பட்டதல்ல. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இவர் கதைதான்.

ராபர்ட் மிக்கேல்ஸ் என்பவர் 1876-ல் ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். வாலிபத்தில் சமதர்மக் கட்சியில் சேர்ந்தார். அந்த ஒரு குற்றத்துக்காக ஜெர்மன் சர்வகலாசாலைகளில் அவருக்கு இடம் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். இது அக்கிரமம் என்று மாக்ஸ் வெபர் என்கின்ற பெரிய அறிஞர் கண்டித்து எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. மிக்கேல்ஸ் இத்தாலிக்குப் போய் தூரின் நகரத்தில் ஆசிரியரானார். அதாவது, கொள்கைக்காகக் கஷ்டப்பட்ட மனிதர். இதை மறந்துவிடாதீர்கள்.

இவர் 1911-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். அரசர்களையோ பிரபுக்களையோ பற்றியல்ல. தாமே இருந்து பார்த்த சமதர்மக் கட்சிகளைப் பற்றி. எல்லோரும் சமம் என்று சொல்லுகின்ற கட்சியிலும் என்ன நடக்கிறது என்று பார்த்தார். லட்சக்கணக்கான அங்கத்தினர்கள் தினமும் கூடி முடிவு செய்ய முடியாது. ஆகவே காரியதரிசி வேண்டும், பொக்கிஷதார் வேண்டும், பத்திரிகை ஆசிரியர் வேண்டும், பேச்சாளர் வேண்டும். தொழிலாளியாய் வந்தவன் காரியதரிசியாகிச் சம்பளம் வாங்க ஆரம்பித்தால் மறுபடி பட்டறைக்குப் போக மனம் வராது. கணக்கு அவனுக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது. மேடை அவனுடையது, பத்திரிகை அவனுடையது. எதிர்த்துக் கேட்டால் "கட்சி ஒற்றுமையைக் கெடுக்கிறான்" என்று வாயை அடைக்கலாம். இப்படியாக, ஸ்தாபனம் என்று ஒன்று ஏற்பட்டால் அதில் சிலர் ஆட்சி தானாக ஏற்பட்டே தீரும், இது இரும்புச் சட்டம் என்று முடித்தார்.

நான் இதைப் படித்தபோது புஸ்தகத்தை மூடிவிட்டு, நான் சேர்ந்திருக்கிற சங்கங்களை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன். மேடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனிதர் சொன்னது பெரும்பாலும் உண்மை. 1914 ஆகஸ்டில் ஜெர்மன் சமதர்மக் கட்சித் தலைவர்கள், எத்தனையோ வருஷம் யுத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டு, யுத்தச் செலவுக்கு ஓட்டுக் கொடுத்தபோது, மிக்கேல்ஸ் எழுதினது கண்ணெதிரே நடந்துவிட்டது.

சரி, இப்படிக் கண்டுபிடித்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? காரியதரிசியை வருஷா வருஷம் மாற்று, கணக்கை எல்லோருக்கும் காட்டு, கேள்வி கேட்கின்றவனை விரட்டாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புஸ்தகத்தை எழுதின காலத்தில் அவர் மனதில் அப்படி ஒரு எண்ணம் இருக்கத்தான் இருந்தது. ஜனநாயகம் தேறாத நோயாளியானாலும் வைத்தியத்தைக் கைவிடக் கூடாது என்ற பாவனையில் பேசினவர்தான். அப்புறம் புத்தி எப்படித் திரும்பிற்று என்றால், "சிலர் ஆளுவதுதான் இயற்கை என்றால், அந்தச் சிலர் ஜனங்களுக்குப் பயந்து பொய் வேஷம் போடுவதைவிட, ஒரே ஒருவன் தைரியமாய், தன் ஆகர்ஷண சக்தியினால் ஜனங்களைக் கவர்ந்து ஆளட்டுமே" என்று திரும்பிற்று. முசோலினி அந்த ஒருவனாய்க் காட்சி கொடுத்தார். மிக்கேல்ஸ் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். 1928-ல் பெரூஜியா சர்வகலாசாலையில் பாசிஸ்டுகள் ஏற்படுத்தின ராஜீய சாஸ்திரப் பகுதியில் ஆசிரியர் உத்தியோகம் கிடைத்தது. 1936-ல் இறக்கும் வரையில் அந்த ஆட்சிக்கு வேண்டியவராகவே இருந்தார்.

இதில் உள்ள தர்க்கத்தைப் பாருங்கள். வைத்தியன் நாடியைப் பிடித்துப் பார்த்து "இந்த ஊரில் எல்லோருக்கும் ஜுரம் இருக்கிறது" என்று கண்டுபிடிக்கிறான். கண்டுபிடித்தது சரி. அதற்குமேல், "ஆகையால் ஜுரம்தான் இயற்கை, யாருக்கு ஜுரம் அதிகமோ அவனை ராஜாவாக்குங்கள்" என்கிறான். இருப்பதைச் சொல்லுவது வேறு, இருக்க வேண்டியதைச் சொல்லுவது வேறு. முன்னதிலிருந்து பின்னதுக்குத் தாண்டுகின்ற இடத்தில் விஞ்ஞானம் நின்றுவிடுகிறது. ஆனால் தாண்டினவன் கையில் விஞ்ஞானி என்கின்ற சீட்டு இருப்பதால் நாம் கவனிப்பதில்லை.

அப்படித் தாண்டியே ஆகவேண்டும் என்கின்ற கட்டாயம் உண்டா? இல்லை என்பதற்கு அதே நாட்டில் சாட்சி இருக்கிறது. கயத்தானோ மோஸ்கா என்பவர் பலெர்மோ நகரத்துக்காரர். ஆளும் கூட்டம் எப்போதும் சிறு கூட்டமே என்பதை மிக்கேல்ஸுக்கு முன்னாலேயே, 1896-ல், எழுதினவர். ஜனநாயகத்தில் நம்பிக்கை இல்லாதவர். 1912-ல் ஓட்டுரிமையை எல்லா ஆண்களுக்கும் விரிவாக்க வந்தபோது அதை எதிர்த்துப் பேசின பிற்போக்குக்காரர். நாம் போய்க் கட்டிக்கொள்ள வேண்டிய மனிதர் அல்ல. ஆனாலும் 1925 டிசம்பரில், பிரதம மந்திரி சட்டசபைக்குப் பொறுப்பில்லை, அரசனுக்கு மட்டுமே பொறுப்பு என்று முசோலினி சட்டம் கொண்டுவந்தபோது, இந்த மனிதர் மேல்சபையில் எழுந்து நின்று எதிர்த்தார். பார்லிமெண்டு ஆட்சியை வாழ்நாளெல்லாம் குறை சொல்லி வந்த நானே இன்று அதன் சாவுக்கு அழ வேண்டியிருக்கிறது என்ற கருத்துப்படப் பேசினார். மிக்கேல்ஸ் வாலிபத்தில் சமதர்மம் பேசிக் கஷ்டப்பட்டவர், மோஸ்கா பழைய பிரபுத்துவ மனப்பான்மைக்காரர். கடைசியில் சர்வாதிகாரிக்கு எதிரில் நின்றவர் யார் என்று பாருங்கள். ஒரு மனிதன் எந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டான் என்பதை மட்டும் கொண்டு, எங்கே போய் நிற்பான் என்று சொல்லிவிட முடியாது போலிருக்கிறது.

நிற்க, கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவனாகையால் இது எனக்கு நெருங்கின விஷயம்.

கொர்ராடோ ஜீனி என்பவர் 1912-ல் ஒரு அளவுகோல் கண்டுபிடித்தார். நூறு பேர் இருக்கின்ற ஊரில் நூறு ரூபாய் இருக்கிறது. ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இருந்தால் அந்த அளவு பூஜ்யம். நூறு ரூபாயும் ஒருவனிடமே இருந்து மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லையென்றால் அளவு ஏறக்குறைய ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஏழை பணக்காரன் வித்தியாசம் எந்த நாட்டில் எவ்வளவு என்பதை இன்றைக்கும் உலகம் முழுவதும் இவர் பெயரால் உள்ள அந்த அளவுகோலைக் கொண்டுதான் அளக்கிறார்கள். நமக்கு இதைவிட உதவியான ஆயுதம் என்ன வேண்டும்?

இந்த ஜீனிதான் 1926-ல் முசோலினி அரசாங்கத்தின் புள்ளிவிவர இலாகாவுக்குத் தலைவரானார். இவர்தான் 1927-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் பாசிசத்துக்கு விஞ்ஞான அடிப்படை உண்டு என்று கட்டுரை எழுதினார். தேசம் என்பது ஒரு உயிருள்ள சரீரம் மாதிரி, இன்று உயிரோடிருக்கும் ஜனங்களுக்கு இன்றைய சுகம்தான் தெரியும், தேசத்தின் வருங்கால நன்மை ஒரு சிறுபான்மைக்குத்தான் தெரியும், ஆகவே அந்தச் சிறுபான்மை மற்றவர்களைக் கேட்காமலே நடத்தலாம் என்பது அதில் உள்ள வாதம். சமூகத்தை ஒரு சரீரத்துக்கு ஒப்பிட்டு, சிலரைத் தலையென்றும் சிலரைக் காலென்றும் சொல்லுகின்ற கதையை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? அதைச் சொன்னவர்கள் தாடி வைத்த ரிஷிகள் என்றார்கள். இவர் கணக்கு நிபுணர். அவ்வளவுதான் பேதம்.

புள்ளிவிவரத்தைக் கொண்டு முசோலினி நடத்தின பெரிய வேடிக்கை பிள்ளைப்பேற்று யுத்தம். 1927 மே 26-ந் தேதி சட்டசபையில் பேசினபோது, இத்தாலியின் ஜனத்தொகை 4 கோடி, இந்த நூற்றாண்டின் இரண்டாவது பாதி ஆரம்பிக்கும்போது 6 கோடியாக வேண்டும், ஜனங்கள் குறைந்தால் சாம்ராஜ்யம் ஏது என்று சொன்னார். கலியாணமாகாத ஆண்களுக்கு 25 வயது முதல் 65 வயது வரை வரி போடப்பட்டது. பாதிரிமார்களுக்கு விலக்கு! எந்த நாட்டிலும் பூசாரிக்கு ஒரு தனிச் சந்து திறந்திருக்கும் போலிருக்கிறது. பெண்களைப் பிள்ளை பெறும் யந்திரமாக எண்ணி, நிறையப் பெற்றவளுக்குப் பரிசும் பதக்கமும் கொடுத்தார்கள். பலன் என்ன? 1920-களின் ஆரம்பத்தில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 30 பிள்ளைகள் என்ற அளவில் பிறந்தது போய், 1936-ல் 23-க்கும் கீழே இறங்கிவிட்டது. 1951-ல் ஜனக்கணக்கு எடுத்தபோது 4¾ கோடிதான் இருந்தது. சோற்றுக்கு வழி செய்யாமல் பிள்ளை பெறு என்றால் எந்தத் தாய் கேட்பாள்? சர்வாதிகாரியின் உத்தரவுக்கு நாடே நடுங்கிற்று. வீட்டுக்குள் பெண்கள் நடுங்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறப்புக் கணக்கைக் கொட்டி முழக்கின அதே அரசாங்கம், தற்கொலைச் செய்திகளையும் குற்றச் செய்திகளையும் பெரிதாய்ப் போடக் கூடாது என்று பத்திரிகைகளுக்கு உத்தரவு போட்டது. பாசிச ராஜ்யத்தில் துக்கம் ஏது! தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் எண்ணிக் காட்டுகின்ற கணக்கை எங்கள் மண்டியில் என்ன சொல்லுவார்கள் என்பதை இந்தச் சபையில் சொல்லுவது மரியாதையாகாது.

வேடிக்கை இங்கேயே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. 1928-ல் கோர்ஹெர் என்கின்ற ஒரு ஜெர்மானிய வாலிபன், பிறப்புக் குறைவது இனங்களுக்குச் சாவு என்று எழுதின ஒரு புள்ளிவிவரப் புஸ்தகம் இத்தாலிய பாஷையில் வெளிவந்தது. அதற்கு முகவுரை எழுதினவர் முசோலினியே. இந்தக் கோர்ஹெர் பிற்பாடு என்ன ஆனான் தெரியுமா? ஹிட்லரின் கையாளான ஹிம்லரிடம் புள்ளிவிவர அதிகாரியானான். 1943-ல், ஐரோப்பாவில் எத்தனை யூதர்கள் இருந்தார்கள், எத்தனை பேர் "அப்புறப்படுத்தப்பட்டார்கள்", இனி எத்தனை பேர் பாக்கி என்று தேசவாரியாகக் கணக்குப் போட்டு அறிக்கை கொடுத்தான். கூட்டல் கழித்தலெல்லாம் வெகு சுத்தம். கொல்லப்பட்டவர்களின் கணக்கையும் ஒரு மனிதன் மேஜையில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவிக்கொண்டு எழுதியிருக்கிறான்.

இத்தாலியிலும் அதே பாதைதான். 1938 ஜூலையில், மனித இனங்கள் உண்டு, அவை வேறுபட்டவை, இத்தாலியர் ஆரிய இனம், யூதர் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று ஒரு அறிக்கை வெளிவந்தது. விஞ்ஞானிகள் பத்துப் பேர் அதில் கையெழுத்திட்டவர்கள் என்று அரசாங்கம் பெயர்களை வெளியிட்டது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஸவொர்ஞான் என்பவர். இவர் சமூக சாஸ்திரியும் ஜனத்தொகை ஆராய்ச்சிக்காரரும் ஆவார். 1932-ல் ஜீனி விலகின பிறகு புள்ளிவிவர இலாகாவுக்குத் தலைவராய் வந்தவர் இவரே. அடுத்த மாதம், ஆகஸ்ட் 22-ந் தேதி, யூதர்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பு நடந்தது. தாயோ தகப்பனோ ஒருவராவது யூதராய் இருந்தவர்கள் 58,412 பேர் என்று எண்ணி எழுதினார்கள். பெயர், தெரு, வீடு எல்லாம் பதிவாயிற்று. பிறகு பள்ளிக்கூடத்திலிருந்தும், உத்தியோகத்திலிருந்தும், சர்வகலாசாலையிலிருந்தும் யூதர்களை வெளியேற்றச் சட்டங்கள் வந்தன.

கணக்கெடுக்க வந்த குமாஸ்தா கெட்டவனாய் இருந்திருக்க வேண்டியதில்லை. பாரத்தைக் கொடுத்து, "நிரப்பிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போயிருப்பான். ஐந்து வருஷம் கழித்து முசோலினி ஒரு தரம் கவிழ்ந்து, ஜெர்மன் சேனை இத்தாலிக்குள் புகுந்தபோது, யூதர் யார், எங்கே இருக்கிறார்கள் என்பது அரசாங்கக் காகிதங்களில் முன்பே எழுதப்பட்டிருந்தது. 1943 அக்டோபர் 16-ந் தேதி விடியற்காலையில் ரோம் நகரத்தில் வீடு வீடாய்ப் போய் 1,259 பேரைப் பிடித்தார்கள். அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸ் கொலைக் கூடத்துக்கு ரயிலேற்றினார்கள். உயிரோடு திரும்பி வந்தவர்கள் 16 பேர். குழந்தை ஒன்று கூடத் திரும்பவில்லை.

"படித்தவர்கள் எல்லோரும் இப்படித்தானா?" என்று ஒரு தாயார் முன்வரிசையில் கேட்கிறார். எல்லோரும் அல்ல. ஆனால் எத்தனை பேர் என்று கேட்டால் வருத்தமாய் இருக்கும். 1931-ல் சர்வகலாசாலை ஆசிரியர்கள் எல்லோரும் அரசனுக்கு மட்டுமல்ல, பாசிச ஆட்சிக்கும் விசுவாசமாய் இருப்பதாகப் பிரமாணம் செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. இருந்தவர்கள் சுமார் 1,200 பேர். மாட்டேன் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 12 பேர். மற்றவர்களில் பலர் வயிற்றுக்காகவும், வேறு ஆள் வந்து இதைவிடக் கெடுத்துவிடுவானே என்றும் கையெழுத்திட்டார்கள். பிள்ளை குட்டிக்காரனான நான் அவர்களை மேடையில் நின்று ஏசுவது சுலபம், ஆகையால் ஏசவில்லை. மறுத்தவர்களில் வோல்தெர்ரா உலகமறிந்த கணித நிபுணர். கார்ராரா என்பவர் குற்றவாளிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்த வைத்தியர், 1936-ல் கைது செய்யப்பட்டு அடுத்த வருஷம் காவலிலேயே இறந்தார். இவர்களுக்கும் முன்னதாகவே, 1925-ல், ஸால்வெமினி என்கின்ற சரித்திர ஆசிரியர் உத்தியோகத்தை உதறிவிட்டு வெளிநாடு போனார்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "முசோலினி நாத்திகர் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?" என்று கேட்கிறார். மறைக்க வேண்டியதில்லை, உண்மைதான். 1904-ல் கடவுள் இல்லை என்று ஒரு சிறு புஸ்தகமே போட்டிருக்கிறார். அதற்காக அவர் நம்முடையவர் ஆகிவிடுவாரா? மேலும் கேளுங்கள். பதவிக்கு வந்த பின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். முன்பு பதிவுக் கலியாணம் செய்துகொண்ட மனைவியையே 1925-ல் பாதிரியை வைத்து மறுபடி கலியாணம் செய்துகொண்டார். 1929 பிப்ரவரி 11-ந் தேதி போப்போடு ஒப்பந்தம் செய்து, கத்தோலிக்க மதத்தை ராஜ்யத்தின் மதமாக்கினார். தெய்வச் செயலால் நமக்குக் கிடைத்த மனிதர் என்ற அர்த்தத்தில் போப் அவரைப் புகழ்ந்தார். கடவுளை மறுத்த அந்த வாயில் பின்னால் "தலைவர் சொல்லுவது எப்போதும் சரியே" என்ற பஜனை நாடு முழுவதும் சுவரில் எழுதி வைக்கப்பட்டது. மேலே இருந்த நாற்காலியைக் காலி செய்துவிட்டுத் தான் ஏறி உட்கார்ந்துகொண்டால் அதற்கு நாத்திகம் என்று பெயரா என்பதை சீட்டு எழுதின தோழரே யோசிக்கட்டும்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி உட்காருகிறேன். அந்தோனியோ கிராம்ஷி சார்டீனியாத் தீவில் 1891-ல் பிறந்தவர். கூனல் முதுகு, சின்ன உடம்பு, வறுமை. பொதுவுடைமைக் கட்சித் தலைவராகி 1924-ல் சட்டசபைக்கு வந்தார். 1926 நவம்பர் 8-ந் தேதி, சட்டசபை அங்கத்தினர் என்றும் பாராமல், கைது செய்தார்கள். 1928-ல் 20 வருஷம் 4 மாதம் 5 நாள் தண்டனை. அந்த ஐந்து நாளை எந்தத் தராசில் நிறுத்தார்களோ தெரியவில்லை! சிறையில் 1929 பிப்ரவரியில் எழுத அனுமதி பயன்படுத்தி ஒரு நோட்டுப் புஸ்தகத்தை ஆரம்பித்தார். 33 நோட்டுப் புஸ்தகங்கள் ஆயின. அவற்றில் மிக்கேல்ஸையும் அவர் விடவில்லை, எடுத்து விசாரித்திருக்கிறார். சிலர் ஆளுகின்றார்கள் என்பது தெரிந்த சங்கதி, ஆளப்படுகின்றவன் அதற்கு ஏன் தலையை ஆட்டுகிறான், பள்ளிக்கூடமும் கோயிலும் பத்திரிகையும் அவன் தலையை எப்படி ஆட்ட வைக்கின்றன, ஆளுகின்றவன் ஆளப்படுகின்றவன் என்கின்ற பிரிவு என்றைக்கும் இருந்தே தீர வேண்டுமா, அது ஒழிவதற்கு வழி உண்டா என்பது அவருடைய கேள்வி. முசோலினி மேல்மாடத்திலிருந்து கும்பலைப் பார்த்தார். இவர் சிறையிலிருந்து, கும்பலில் நிற்கின்ற ஒவ்வொருவனையும் யோசிக்கத் தெரிந்தவனாகப் பார்த்தார்.

பல் விழுந்து, தூக்கம் கெட்டு, உடம்பு சிதைந்து 1937 ஏப்ரல் 27-ந் தேதி இறந்தார். நோட்டுப் புஸ்தகங்களை அவர் மனைவியின் சகோதரி காப்பாற்றி வெளியே சேர்த்தார். 1945 ஏப்ரல் 28-ந் தேதி முசோலினியைச் சுட்டுக் கொன்றார்கள். மறு நாள் மிலான் நகரச் சதுக்கத்தில் பிரேதத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். நோட்டுப் புஸ்தகங்களின் முதல் தொகுதி 1948-ல் அச்சாகி வெளிவந்தது.

கேள்வி கேட்ட மாணவத் தோழர் பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார். நான் சொன்னது அவர் கேள்விக்குப் பதிலாயிற்றா இல்லையா என்று அவரே மேடைக்கு வந்து சொல்லட்டும்.